கடகடக்கும் மோட்டார் சைக்கிள்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அப்பம் பாலிக் பொட்டலத்தை நீட்டும்போது என் மனைவி சந்திரகலா சிரிப்பாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் வகுப்பை முடித்துக்கொண்டு, வழியில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நின்று, வேர்க்கடலையும் சீனியும் தூவி மடித்த அந்த மொறுமொறு அப்பத்தைச் சூடாக வாங்கிக்கொண்டு சாலாக் செலாத்தான் ஃபிளாட்டுக்கு வருவேன். கதவைத் திறப்பாள், பொட்டலத்தைப் பார்ப்பாள், முகம் முழுக்கச் சிரிப்பு பரவும்.

இப்போதும் கதவைத் திறக்கிறாள், பொட்டலத்தை வாங்குகிறாள், "கைய கழுவிட்டு வாங்க" என்கிறாள். சிரிப்பு மட்டும் இல்லை. அது எப்போது நின்றது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பயமே அதனால்தான். சண்டை என்றால் சமாதானம் செய்யலாம். என்மேல் இருந்த ஆசையே தீர்ந்துபோயிருந்தால் எதைச் சரிசெய்வது?

நான் உயிரியல் ஆசிரியன். என் பாடத்துக்குள்ளேயே காரணம் தேடினேன். காதலிப்பவரின் முகத்தைப் பார்க்கும்போது நடுமூளையில் ஒரு சிறிய பகுதி சுறுசுறுப்பாகிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற ரசாயனத்தை அனுப்புகின்றன. அதை இன்பத்தின் ரசாயனம் என்று சொல்வார்கள். அது பாதிதான் சரி. அந்த நரம்பணுக்கள் எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. கூடுதலாகக் கிடைத்தால் துள்ளும். எதிர்பார்த்ததே கிடைத்தால் பேசாமல் இருந்துவிடும். வகுப்பில் இதை இப்படிச் சொல்வேன்: "இன்னிக்கு எல்லாருக்கும் நான் ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தா கத்துவீங்க. மாசம் முழுக்க வாங்கித் தந்தா, 'சார், மேல ஐஸ்கிரீம் போடலையா?'னு கேப்பீங்க."

ஆக, தேவைப்படுவது எதிர்பாராத ஒன்று. ஒரு செவ்வாய்க்கிழமை அப்பம் வாங்கிப் போனேன்.

கதவைத் திறந்தவள் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னா, இன்னிக்கு செவ்வாக்கெழமதானே?"

"சும்மாதான் வாங்கினேன்."

"சும்மாவா? மோட்டர எங்கயாச்சும் இடிச்சிட்டீங்களா?"

"இல்ல லா."

"அப்ப உங்க அக்கா வந்து தங்கப் போறாங்களா?"

விசாரணை முடிவதற்குள் அப்பம் ஆறிவிட்டது. அடுத்த வாரம் ரோஜாப்பூ வாங்கிப் போனேன். பூவை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, காய்ச்சல் அடிக்கிறதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இதற்கிடையில் மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் விட வேண்டியிருந்தது. சங்கிலி மூடி தளர்ந்து, நான் வருவது சந்து முழுக்கக் கேட்கும்படி வருஷக்கணக்கில் கடகடத்துக்கொண்டிருந்தது. பட்டறை வைத்திருக்கும் கிஷனுக்கும் எங்கள் ஃபிளாட்டில்தான் வீடு. "விட்டுட்டுப் போங்க சார், சாயங்காலம் நானே ஓட்டிட்டு வரேன்" என்றான். அன்று வெள்ளிக்கிழமை. கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கி, கையில் பொட்டலத்தோடு வீடு நோக்கி நடந்தேன்.

ஃபிளாட்டுக்குக் கீழே மரத்தடிக்கு வந்து தற்செயலாக நிமிர்ந்தேன். இரண்டாம் மாடியில் எங்கள் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் சந்திரகலா குனிந்து ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது சந்து முனையில் என் மோட்டார் சைக்கிளின் கடகடச் சத்தம் திரும்பியது.

அவள் தலை நிமிர்ந்தது. ஈரக் கையால் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அந்தச் சிரிப்பு வந்தது. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியது கிஷன். அவள் முகம் வாடிவிட்டது.

பொட்டலத்தோடு அங்கேயே நின்றேன். வகுப்பில் நானே நடத்தும் பாடத்தின் இரண்டாம் பாதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குரங்குகளுக்கு முதலில் ஒரு விளக்கைக் காட்டி, பிறகு பழச்சாறு கொடுத்துச் செய்த சோதனைகள் உண்டு. தொடக்கத்தில் அவற்றின் டோபமின் அணுக்கள் பழச்சாற்றுக்குத் துள்ளின. பழகியபின் விளக்குக்கே துள்ளின. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான நிலைக்கும் கீழே இறங்கின. ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் மூளையில் உள்ள டோபமினை அளந்துவிட முடியாது. காதலில் வேறு பல வேலைகளும் நடக்கின்றன. ஆனால் சற்றுமுன் ஜன்னலில் நான் பார்த்தது அதே வரிசையில்தான் நடந்தது. சிரிப்பு நின்றுபோகவில்லை. கதவிலிருந்து ஜன்னலுக்கு முன்னேறியிருந்தது. நான் படியேறி வருவதற்குள் அவள் சிரித்து முடித்துவிடுகிறாள்.

கிஷன் சாவியை நீட்டினான். "சார், செயின் கவர் பார்ட்டு வரல. அடுத்த வாரம் மாத்திரலாம்."

"மாத்த வேணாம் கிஷன். ஓட்டுறதுக்கு ஆபத்து உண்டா?"

"ஆபத்துலாம் இல்ல சார், அசிங்கந்தான்."

"அப்ப இருக்கட்டும்."

மேலே போனேன். கதவைத் திறந்ததுமே சந்திரகலா பிடித்துக்கொண்டாள். "மோட்டர் வருது, உங்களக் காணோம். எனக்குப் பக்குனு ஆயிருச்சு. ஒரு போன் போட்டா என்னா?"

"சத்தம் கேட்டதும் சிரிச்சியே."

"யாரு, நானா?"

"கீழ நின்னு பாத்தேன்."

"ஒளிஞ்சி நின்னு பாக்குற வயசா இது?" முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது.

"தினமும் சிரிப்பியா?"

"சத்தம் கேட்டா தண்ணி வைப்பேன். சிரிக்கிறேனா இல்லையானு எனக்கு எப்படித் தெரியும்? அங்க கண்ணாடியா இருக்கு?"

"வெள்ளிக்கெழம அப்பத்துக்காகவா?"

"அப்பமா மோட்டர் ஓட்டிட்டு வருது? போங்க, கைய கழுவிட்டு வாங்க."

இத்தனை வருஷமும் நான் வண்டியை நிறுத்தியதும் தலைகுனிந்து பூட்டைத்தான் தேடியிருக்கிறேன். இப்போது சந்து முனையில் வேகத்தைக் குறைக்கிறேன், சங்கிலி மூடி நன்றாகக் கடகடப்பதற்காக. ஃபிளாட்டுக்குக் கீழே வந்ததும், எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டாம் மாடி ஜன்னலைப் பார்க்கிறேன். சிரிப்பு அங்கே இருக்கிறது.