மூன்றாவது மாடியில் மாட்டாத போர்டு

போன வாரம் மச்சினி போன் செய்தாள். அவள் பெண் பன்னிரண்டாவது முடிக்கப் போகிறாளாம், வெளியூர் கல்லூரி, ஹாஸ்டல் என்று முடிவாகிவிட்டதாம். "நீங்க ஒரு நடை வந்து, காலேஜ்ல எப்படி இருக்கணும், எப்படிப் பழகிக்கணும்னு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க அத்தான். உங்க பொண்ணை எவ்வளவு அழகா அனுப்பி வச்சீங்க" என்றாள்.

கேட்டது யாரை? ஆயுளில் மொத்தம் பதினோரு நாள் கல்லூரியில் இருந்தவனை.

மச்சினிக்கு அது தெரியாது. குடும்பச் சூழ்நிலையால் படிப்பு நின்றுபோனது என்பதுதான் ஊருக்கு நான் சொல்லி வைத்திருக்கும் கதை. குடும்பத்தில் அப்போது ஒரு சூழ்நிலையும் இல்லை. எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். நான்தான் பதினோராவது நாள் காலையில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலின் நாலு மாடியையும் ஒரே மூச்சில் இறங்கி வீட்டுக்கு ஓடி வந்தேன். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லிக் கல்லூரியே அனுப்பியதாக அப்பாவிடம் சொன்னேன். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை.

அப்புறம் லிஃப்ட் கம்பெனியில் உதவியாளாகச் சேர்ந்து, மெக்கானிக் ஆகி, இருபத்தைந்து வருஷமாக மற்றவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நான் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். உண்மைக் கதை தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

என் மகள் போன வருஷம் கல்லூரிக்குக் கிளம்பியபோது அவளுக்காக உட்கார்ந்து புத்திமதி எழுதினேன். வெள்ளைத் தாள் கிடைக்கவில்லை. லிஃப்ட் மாதாந்திரப் பராமரிப்புப் படிவத்தின் பின்பக்கத்தில் இருபத்து மூன்று எழுதினேன். முதல் நாளே முன் வரிசையில் உட்கார். புரியாததற்குத் தலையாட்டாதே. பக்கத்து அறைக்காரர்களின் பெயரை மூன்று நாளுக்குள் தெரிந்துகொள். வெள்ளைத் துணியைத் தனியாகத் துவை. மதியம் தனியாகச் சாப்பிடாதே. இப்படியே போய், அழுகை வந்தால் யாரிடமாவது சொல் என்பதில் முடியும்.

மகள் அதை நின்றபடியே படித்தாள். "இதெல்லாம் காலேஜ்ல உங்களுக்கு உதவுச்சாப்பா?" என்று கேட்டாள்.

"ரொம்ப" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி, கயிற்றின் தேய்மானம், பிரேக்கின் இடைவெளி, கதவு உருளைகள் என்று அச்சடித்திருந்த முன்பக்கத்தையும் படித்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு மாதத்துக்கு நான் ஹாஸ்டல் பக்கம் தலைகாட்டக் கூடாது. நான் வந்தால் அவள் என்னோடு கிளம்பி வந்துவிடுவாளாம். சத்தியம் செய்து கொடுத்தேன். செய்யும்போதே அதில் ஒரு ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். அந்த ஹாஸ்டல் லிஃப்ட் எங்கள் கம்பெனியுடையது.

தினமும் சாயந்திரம் போன் வரும். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், தூங்கினேன் என்பாள். அறைத் தோழியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகப் பேசுவாள். அந்தப் பெண்ணுக்கு ரகசியம் பேசவே வராதாம். அவள் யார் காதிலாவது குசுகுசுத்தால் எதிர் வரிசை அறைகளில் திரும்பிப் பார்ப்பார்களாம். ஹாஸ்டலே வைத்த பெயர் ஒலிபெருக்கி. ஒன்பதாம் நாள் போனில் ஒலிபெருக்கியைப் பற்றிக்கூடப் பேச்சு இல்லை. "நல்லா இருக்கேன்" என்பது மட்டும் வந்தது. நான் என் அப்பாவிடம் ஒன்பதாம் நாள் சொன்ன அதே குரல்.

அந்த மாதம் ஹாஸ்டல் லிஃப்டைப் பராமரிக்க வேண்டியவன் என்னோடு வேலை செய்யும் குட்டையன். அவனிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன். பதிலுக்கு, எல்லோரும் பயந்து ஒதுங்கும் பழைய ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டை என் தலையில் கட்டினான். சரி என்றேன். மகளைப் பார்க்கப் போவதாக இல்லை. அவள் இருக்கும் கட்டடத்துக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாம் என்று ஒரு நப்பாசை, அவ்வளவுதான்.

போனது பதினோராம் நாள் காலை. பெண்கள் ஹாஸ்டல் ஆனதால் காவல்கார அம்மா மணி அடித்து, "லிஃப்டுக்கு ஆம்பளை ஆள் வந்திருக்கு" என்று கீழிருந்தபடியே அறிவித்தார். பெண்கள் வகுப்புக்குப் போய்விட்டார்கள், கட்டடம் காலி என்றார்.

எங்கள் தொழிலில் முதல் வேலை போர்டு மாட்டுவது. 'பராமரிப்பு நடக்கிறது, படியைப் பயன்படுத்தவும்' என்ற போர்டை ஒவ்வொரு மாடிக் கதவிலும் தொங்கவிட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடவேண்டும். புதுப் பையன்கள் மறந்தால் கத்துகிறவனே நான்தான். தரைத்தளத்தில் மாட்டினேன். ஒன்றில், இரண்டில் மாட்டினேன். மூன்றாவது மாடியில் மகளின் அறை. அவள் மட்டும் வகுப்புக்குப் போகாமல் இருந்து, வெளியே வந்து என் மூஞ்சியைப் பார்த்துவிட்டால்? தலையைக் குனிந்துகொண்டு, திருடன் மாதிரி அந்த மாடியைத் தாண்டி நேராக நாலுக்கு ஏறிவிட்டேன். ஒரு போர்டு கையிலேயே மிஞ்சியது.

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, அங்கே இருக்கும் பொத்தானால் அதை மெல்ல இறக்கியபடி ஒவ்வொரு மாடிக் கதவையும் உள்பக்கமிருந்து பார்ப்பதுதான் வேலை. அந்த நிலையில் வெளியே யார் எத்தனை முறை அழுத்தினாலும் லிஃப்ட் வராது. மூன்றாவது மாடிக் கதவின் உருளையைச் சரிசெய்து முடித்தேன். எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கம் எதையோ தரதரவென்று இழுத்து வரும் சத்தம் கேட்டது. பிறகு பொத்தானை அழுத்தும் சத்தம். ஒரு தடவை, நாலு தடவை. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

பிறந்ததிலிருந்து கேட்ட மூக்கு. எனக்குத் தெரியாதா?

என் மகள் துணிப் பெட்டியோடு நின்றாள். எங்களுக்கு நடுவே ஒரு தகரக் கதவின் கனம். கதவைத் திறந்து, "வா கண்ணு, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்ல அரை நொடி போதும். கை பூட்டு வரைக்கும் போய்விட்டது.

அதற்குள் ஒலிபெருக்கி வந்துவிட்டாள். பெயர் சொல்லி அறிமுகம் தேவைப்படவில்லை.

"எங்க கிளம்பிட்ட?"

"வீட்டுக்கு."

"தலையணையெல்லாம் எடுத்துக்கிட்டா?"

பதிலுக்கு மறுபடி பொத்தானை அழுத்தும் சத்தம். என்னமோ பொத்தென்று உட்காரும் சத்தம். பெட்டிமேல் ஒலிபெருக்கி உட்கார்ந்துவிட்டாள் என்பது அடுத்த பேச்சில் தெரிந்தது. எழுந்திரு என்றாள் மகள். லிஃப்ட் வரட்டும், வந்ததும் எழுந்திருக்கிறேன் என்றாள் அவள். லிஃப்ட் எங்கே வரும்? அதன் தலைமேல் அப்பன்காரன் நின்றுகொண்டிருக்கிறான். போர்டு மட்டும் தொங்கியிருந்தால் என் பெண் அதைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் இறங்கியிருப்பாள். என்னை மாதிரி, ஒரே மூச்சில்.

வராத லிஃப்டுக்காக இருவரும் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது பேச்சு தானாக வந்தது. முதல் பரீட்சையில் இருபத்தைந்துக்கு நாலு வாங்கியிருக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் வராந்தாவில் நடந்தாலே வாத்தியார்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெண். இங்கே பதினோரு நாளில் ஒரு வாத்தியாருக்கும் அவள் பெயர் தெரியாது. வகுப்பில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், தனக்கு மட்டும்தான் ஒன்றும் புரியவில்லை என்றாள். ஒலிபெருக்கி தானும் தலையாட்டுகிற ஆள்தான் என்றாள். தனக்கு மூன்றுதான் வந்தது என்றாள். தினமும் குளியலறையில் அழுவதாகவும் சொன்னாள்.

"பொய் சொல்லாத. நீ அழுதா ஹாஸ்டலே எந்திரிச்சிருக்கும்."

"குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டு அழுவேன். தண்ணி வரலைன்னு நீங்கள்லாம் திட்டுறது என்னைத்தான்."

மகள் சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது. அதன் பலன் கீழே வந்தபோது காவல்கார அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

அப்புறம்தான் அது வந்தது.

"எங்கப்பா பதினோரு நாள்தான் காலேஜ்ல இருந்தாரு. எனக்கு இன்னைக்குப் பதினொண்ணு."

கூரையில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மனைவி சொல்லியிருக்கிறாள், வேறு யார் சொல்ல முடியும்? நான் புத்திமதி எழுதுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு மாதிரியான பார்வை அதுதான்.

"ஆனா எனக்கு இருபத்தி மூணு புத்திமதி எழுதிக் குடுத்தாரு. அதுல ஒண்ணுகூட அவரு செஞ்சது இல்ல. என்னெல்லாம் செஞ்சிருந்தா அங்க இருந்திருப்பாரோ, அதையெல்லாம் யோசிச்சு எழுதியிருக்காரு. இத்தனை வருஷமா யோசிச்சிருக்காரு பாரு."

இருபத்தைந்து வருஷமாக எனக்கே தெரியாத விஷயம். பதினேழு வயசுப் பெண், ஒரு படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். லிஃப்டில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆகும்.

பெட்டிமேல் ஒலிபெருக்கி திரும்பி உட்காரும் சத்தம். அதுவும் கட்டடத்துக்கே கேட்டிருக்கும். பிறகு சொன்னாள்:

"இன்னைக்குப் போனா உங்கப்பாவும் நீயும் சமம். போறதுன்னா நாளைக்குப் போ. ஒரு நாளாவது அவரை ஜெயிச்சுட்டுப் போ."

அந்தப் பெண்ணின் திசையைப் பார்த்து இருட்டில் ஒரு கும்பிடு போட்டேன். மூன்று மார்க் வாங்கியவளாம். யார் திருத்தினார்களோ.

இனி நான் செய்யவேண்டியது ஒன்றுதான் இருந்தது, அதுதான் கஷ்டமாகவும் இருந்தது. வேலை முடிந்துவிட்டது. நான் கூரையிலேயே நின்றால் லிஃப்ட் வராது, அவளும் போக முடியாது. சாயந்திரம் வரைக்கும் நிற்க நான் தயார். ஆனால் அப்படி நிறுத்தி வைத்தால் அவளாக இருந்ததாகாது, நான் நிறுத்தியதாகிவிடும். லிஃப்ட் பெட்டியை மெல்ல மேலே ஓட்டி, நாலாவது மாடியில் வெளியே வந்து, கதவைச் சாத்தி, லிஃப்டை ஓட்டத்துக்கு விட்டேன்.

மகராசி என் மகள் பொத்தானை மறுபடி ஒருமுறை அழுத்தியிருக்க வேண்டும். லிஃப்ட் உடனே இறங்கியது. கதவுக்கு மேலே இருக்கும் எண் நாலிலிருந்து மூன்றானது. கீழே கதவு திறக்கும் சத்தம். எட்டு நொடி திறந்திருக்கும்படி நேரம் வைத்ததும் நான்தான். அந்த எட்டு நொடியில் எனக்கு எட்டு வயசு கூடியது. கதவு சாத்திக்கொண்டது.

எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏறியிருந்தால் இரண்டு வரும், ஒன்று வரும். மூன்று மூன்றாகவே நின்றது. பிறகு தரதரவென்று பெட்டி திரும்பிப் போகும் சத்தம், கூடவே ஒலிபெருக்கி, தன் அழுகை ரகசியத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஊருக்கே கேட்கும்படி சத்தியம் வாங்கும் சத்தம்.

சாயந்திரம் போன் வந்தது. லிஃப்ட் மெக்கானிக் எவரோ மூணாவது மாடிக்கு மட்டும் போர்டு மாட்டாமல் வேலை செய்துவிட்டார், கம்பெனியில் புகார் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். கட்டாயம் கொடு, அப்படிப்பட்டவனைச் சும்மா விடக் கூடாது என்றேன்.

"வேணாம்பா. பாவம், வயசானவரா இருக்கும்."

அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் போனை எடுத்ததும், "பன்னிரண்டு" என்றாள். என்ன பன்னிரண்டு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றாள். குரல் பழைய குரலாக இருந்தது.

இப்போது இரண்டாம் வருஷம். புதுசாக வரும் பெண்களுக்கு அறை காட்டுவது அவளும் ஒலிபெருக்கியும்தான். மச்சினி கேட்டதைச் சொல்லி, என்ன பேசுவது என்று மகளையே கேட்டேன். தாளைத் தன் மேஜையில் ஒட்டியிருப்பதாகவும், நகல் எடுத்து அனுப்புவதாகவும் சொன்னாள். அந்த இருபத்து மூன்றையே கொடுங்கள் என்றாள்.

"ஆனா பதினோரு நாள் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கப்பா. அது இல்லாம அந்த லிஸ்ட் வேலை செய்யாது."

மச்சினி எதிரிலா என்று கேட்டேன். மச்சினி எதிரில்தான் என்றாள். மச்சினி வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. இன்றைக்கே சொல்வதென்றால் மறுபடி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன். நாளைக்கு என்றால் பரவாயில்லை.