லிஃப்டுக்குள் இருந்து சமைத்த காராமணிச் சோறு

அவள் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷ சர்வீஸ். அவள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரித்தது மட்டும் வேறொரு கம்பெனி. இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட் அது. அதில் ஏறும்போதெல்லாம், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு மூக்கு ஒழுகுவதைப் பார்ப்பது போல அவள் கை பரபரக்கும்.

"சார், கதவு மூடினதும் கரண்ட் சேர்க்கற கான்டாக்ட் தேஞ்சு போச்சு. ஒரு நாள் நடுவுல நிக்கும்" என்று குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் மூன்று முறை சொல்லிவிட்டாள். கட்டடத்தில் எல்லாரும் அவரை பிரசிடெண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். 'உப்பு வாங்கிட்டு வா' என்பதைக்கூட முன்னுரையோடு ஆரம்பித்து முடிவுரையோடு முடிப்பவர். மூன்று முறையும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "நீங்க வீட்ட கவனிங்கம்மா. லிஃப்ட நாங்க கவனிக்கிறோம்."

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். மதியம் ஒரு மணிக்கு நாத்தனார் சாப்பிட வருகிறாள். கணவனின் அக்கா, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கழுத்தில் விசில் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. கல்யாணமான பதினோரு வருஷத்தில் அந்த அம்மாள் தம்பி வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை, "தண்ணி நல்லா இருக்கு" என்பது. அதுவும் குழாய்த் தண்ணீர். "ஸ்பேனர் பிடிக்கிற கைக்குக் கரண்டி வருமா?" என்று சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் கேட்டு, அவளே சிரித்தும் கொள்வாள்.

அதனால் இந்த முறை மெக்கானிக் ரோஷத்தோடு களத்தில் இறங்கியிருந்தாள். காராமணிச் சோறு. முந்தின நாளே பயறை ஊறவைத்து, காலையில் கனமான பெரிய பாத்திரத்தில் ஏற்றிவிட்டாள். பயறு பாதி வெந்து, தக்காளியும் பூண்டும் தயாராக இருந்த வேளையில்தான் வெங்காயக் கூடையைப் பார்த்தாள். கூடையில் தோல்தான் இருந்தது.

"ஏங்க, கீழ போய் வெங்காயம் வாங்கிட்டு வரேன். அடுப்பப் பாத்துக்கோங்க."

கணவன் அச்சகத்தில் பிழை திருத்துபவன். சனிக்கிழமையும் வீட்டில் ஒரு கட்டுத் தாளை வைத்துக்கொண்டு ஒற்று மிகுமா மிகாதா என்று போராடிக்கொண்டிருந்தான். "ம்" என்றான். அந்த 'ம்'முக்கு அர்த்தம் எதுவும் கிடையாது என்பது பதினோரு வருஷ அனுபவம். இருந்தாலும் கீழே போனாள். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

ஒரு கிலோ வெங்காயத்தோடு திரும்பி லிஃப்டில் ஏறியபோது, பிரசிடெண்டும் பின்னாலேயே ஓடிவந்து ஏறிக்கொண்டார். கம்பிக் கதவைப் படார் என்று இழுத்துச் சாத்தினார். அதைப் பார்த்து அவளுக்குப் பல் கூசியது. முதல் மாடி போயிற்று. இரண்டு. மூன்று. அப்புறம் ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றது.

நாலாவது மாடித் தரை அவள் தாடைக்கு நேராக இருந்தது. மேலே இரண்டடி உயரத்துக்கு, கம்பிகளின் வழியே நாலாவது மாடி நடையும் யாருடையவோ செருப்புகளும் தெரிந்தன. கீழே எல்லாம் சுவர்.

பிரசிடெண்ட் எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். போனை எடுத்துப் பார்த்தார், சிக்னல் இல்லை.

"இது எதனால இப்படி ஆகுது?" என்றார்.

"கான்டாக்ட் சார்."

அவர் பொத்தானிலிருந்து கையை மெல்ல எடுத்துக்கொண்டார். அவளுக்கு அந்த வெற்றியை அனுபவிக்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. ஐந்தாவது மாடியிலிருந்து பயறு வேகும் வாசனை வந்தது. தண்ணீர் வற்றப்போகும் வாசனை.

"ஏங்க!" என்று ஒரு கத்து கத்தினாள். இரைச்சலான மோட்டார் அறைகளில் பதினாறு வருஷம் கத்திப் பழகிய குரல். பிரசிடெண்ட் காதைப் பொத்திக்கொண்டார்.

மேலே கதவு திறந்து, படியில் செருப்புச் சத்தம் இறங்கி, நாலாவது மாடியில் கணவனின் பாதங்கள் தெரிந்தன. பிறகு அவன் மண்டியிட்டான். கம்பிக்கு அந்தப் பக்கம் முகம் தெரிந்தது. காதில் சிவப்புப் பேனா.

"நீ எப்படி இங்க?"

"பிக்னிக் வந்தேன். போய் பாத்திரத்துல ரெண்டு டம்ளர் வெந்நீர் ஊத்துங்க. பயற ரெண்டு விரல்ல நசுக்கிப் பாருங்க. மசிஞ்சா சொல்லுங்க."

அவன் ஓடினான். பிரசிடெண்ட் அந்த இரண்டடி இடைவெளியைக் கண்ணால் அளந்தார். "கம்பியத் திறந்தா நான் இதுல ஏறி வெளிய போயிடலாம்போல இருக்கே" என்றபடி கதவில் கை வைத்தார். அவள் அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். "நீங்க பாதி வெளிய இருக்கும்போது இது கிளம்பிச்சுன்னா, சங்கத்துக்கு ரெண்டு பிரசிடெண்ட் ஆயிடுவீங்க. சும்மா நில்லுங்க."

அவர் மூலையில் போய் நின்றார். பிறகு அந்தச் சின்னக் கூண்டுக்குள் ஒரு சம்பவம் நடந்தது. சத்தமில்லாமல்தான் நடந்தது, மூக்குக்கு மட்டும் தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர், செய்தது அவளில்லை. பிரசிடெண்ட் மேல்கூரையை மிகுந்த ஈடுபாட்டோடு ஆராய்ந்தார்.

"காராமணி சாப்பிடறதுக்கு முன்னாடியேவா சார்?" என்றாள்.

அதற்குள் கணவன் வந்துவிட்டான். "மசியுது. ஆனா முழுசா இல்ல. முக்கால்னு சொல்லலாம்."

"சரி, இப்ப தாளிக்கணும். வெங்காயத்தப் பிடிங்க." பை கம்பிக்குள் நுழையவில்லை. ஒவ்வொரு வெங்காயமாகத் தர வேண்டியிருந்தது. பிரசிடெண்ட் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க, அவள் கம்பி வழியே நீட்ட, கணவன் சட்டையை மடியாக்கி வாங்கிக்கொண்டான். ஒரு வெங்காயம் கை தவறி, கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, வெகு நேரம் கழித்து 'தொப்' என்றது. அந்த ஆழத்தைக் கேட்டதும் பிரசிடெண்ட் கதவை விட்டு ஒரு அடி பின்வாங்கினார்.

"பொடியா நறுக்கி, எண்ணெயில பொன்னிறமா வதக்குங்க."

"பொன்னிறம்னா? புதுப் பொன்னா, பழைய பொன்னா?"

"உங்க அக்கா வளையல் கலர்."

அவன் ஓடினான், கண்ணில் நீர் வழிய வந்தான், பூண்டு, மிளகாய், தக்காளி என்று கேட்டுக்கொண்டு ஓடினான், மறுபடி வந்தான். ஒரு எழுத்தைக்கூட விடாமல் கேட்பவன். "கொஞ்சம் உப்பு" என்றால் "எத்தனை ஸ்பூன், தட்டையா குவிச்சா?" என்பான். "அரிசிக்கு மேல ஒரு விரல் தண்ணி" என்றாள், "யார் விரல்?" என்றான். அவள் கம்பி வழியே தன் ஆள்காட்டி விரலை நீட்டினாள். அவன் பேனாவால் அதைத் தன் விரலோடு வைத்து அளந்து, கோடு போட்டுக்கொண்டு போனான். கரண்டியில் வந்த பயற்றை அவள் ருசி பார்த்தாள். மீதியை பிரசிடெண்ட் ருசி பார்த்தார்.

"காரம் ஒரு மாத்திரை தூக்கல்" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் மூச்சு இரைப்பு கேட்டது. லிஃப்ட் வேலை செய்யாததால் நாலு மாடி ஏறி வந்த நாத்தனார். கம்பி வழியே முதலில் அவளுடைய விளையாட்டுக் காலணி தெரிந்தது. அவள் கண்ணில் பட்டது, தரையில் மண்டியிட்டிருக்கும் தம்பி, அவன் கையில் கரண்டி, கம்பிக்குப் பின்னால் தம்பி மனைவியின் தலை.

"என்னடா இது? பொண்டாட்டிய கூண்டுல போட்டுச் சோறு ஊட்டற?"

"வாங்க அண்ணி" என்றது தலை. "உக்காருங்கன்னு சொல்ல முடியல."

விஷயத்தைக் கேட்டு நாத்தனார் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையை யார் யாரிடம் சொல்லலாம் என்று அவள் மனம் பட்டியல் போடுவது கண்ணிலேயே தெரிந்தது. மெக்கானிக்குக் காது சுட்டது. தாடை உயரத்தில் தரை இருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இடமில்லை.

"சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா ஒரு வேலை இருக்கு அண்ணி. கம்பெனிக்குப் போன் பண்ணினாலும் ஆள் வர ரெண்டரை மணி நேரம் ஆகும். மேல மோட்டார் ரூம்ல சக்கரத்தக் கையால சுத்தினா நாங்க மேல வந்துடுவோம். பலம் வேணும்."

'பலம்' என்ற சொல் சரியான இடத்தில் போய் விழுந்தது. நாத்தனார் கல்லூரி நாட்களில் குண்டு எறிந்து கோப்பை வாங்கியவள். சட்டைக் கையை மடித்துவிட்டாள். "சாவி எங்க?"

மோட்டார் அறைச் சாவி பிரசிடெண்டின் சட்டைப் பையில் இருந்தது. யாரும் தொடக்கூடாது என்று ஆறு வருஷமாக அவரே வைத்திருந்தார். இப்போது இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

"பிரேக் நெம்புகோல ஒருத்தர் பிடிக்கணும். நீங்க போங்க" என்றாள் கணவனிடம். "அரிசி போட்டாச்சா?"

"போட்டாச்சு. கொதி வந்தாச்சு."

"தீய சிம்ல வச்சு, மூடி போட்டுட்டுப் போங்க. பன்னெண்டு நிமிஷம். முதல்ல மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணணும் அண்ணி, அத மறந்தா எங்கள மறந்துட வேண்டியதுதான். ஆஃப் பண்ணினதும் ஒரு விசில். பிரேக்கத் தூக்கினதும் ரெண்டு விசில். நான் நிறுத்துன்னா உடனே பிரேக்க விடணும்."

இருவரும் மேலே போனார்கள். கயிறு போகும் துளைகள் வழியாக அக்கா தம்பி சண்டை தெளிவாகக் கேட்டது.

"இதுதான்டா பிரேக்!"

"அது விளக்குமாறுக்கா."

ஒரு விசில். கூண்டில் விளக்கு அணைந்தது. பிரசிடெண்ட் இருட்டில் அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டார். "அறுந்து விழுந்துடாதே?"

"நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். அந்தப் பக்கம் தொங்கற எடை நம்மளவிடக் கனம். விட்டா மேலதான் போவோம். விழறதுக்கு நீங்க இன்னும் நாலு பேர கூட்டிட்டு வரணும்."

அவர் கொஞ்சம் யோசித்து, கையை எடுக்காமலே, "நன்றி" என்றார். முன்னுரை இல்லாமல் அவர் பேசிய முதல் வார்த்தையாக இருக்கலாம்.

இரண்டு விசில். கூண்டு ஒரு விரற்கடை ஏறியது. நின்றது. இன்னொரு விரற்கடை. சக்கரத்தைப் பல முறை சுற்றினால்தான் கூண்டு ஒரு சாண் நகரும். நாத்தனார் மைதானத்தில் மாணவிகளை ஓட விடுவது போல "ஒண்ணு, ரெண்டு! ஒண்ணு, ரெண்டு!" என்று தனக்குத் தானே கட்டளையிட்டுக்கொண்டாள். நடுவில் தம்பி கை வலிக்கிறதென்று பிரேக்கை விட்டான்; அக்கா விட்ட வசவு ஐந்து மாடிக்கும் கேட்டது. பன்னிரண்டு நிமிஷம் தாண்டிவிட்டதை மெக்கானிக் மூக்காலேயே கணக்குப் போட்டாள். நாலாவது மாடித் தரை மார்புக்கு இறங்கி, இடுப்புக்கு இறங்கி, முழங்காலுக்கு வந்து, காலடியோடு சமமானது.

"நிறுத்து!"

கம்பிக் கதவைத் திறந்தவள் பிரசிடெண்டை வெளியே தள்ளிவிட்டு, ஐந்தாவது மாடிக்குப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

அடுப்பை அணைத்து மூடியைத் திறந்தாள். சோறு பொலபொலவென்று இருந்தது. காராமணி தன் கறுப்புக் கண்களால் அவளை நிதானமாகப் பார்த்தது. ஒன்றும் குழையவில்லை. அடியில் மட்டும் ஒரு பட்டை, பழுப்பாகப் பிடித்திருந்தது.

நாத்தனார் கிரீஸ் கறையோடு வந்து, கை கழுவி, மேசையில் உட்கார்ந்தாள். முதல் கவளத்தை மென்றாள். பழக்கதோஷம் விடவில்லை.

"அடி பிடிச்சிருக்கே. ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு..."

"அண்ணி, சமைச்சது உங்க தம்பி."

நாத்தனார் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் விரலில் இன்னும் பேனாக் கோடு இருந்தது. கண் வெங்காயத்தால் சிவந்திருந்தது.

"அடி பிடிச்சாத்தான் இதுல ருசியே" என்றாள். "அந்தக் காந்தல இந்தப் பக்கம் சுரண்டிப் போடு."

வாசலில் மணி அடித்தது. பிரசிடெண்ட், தன் வீட்டுத் தட்டும் ஸ்பூனுமாக நின்றார். மனைவி ஊரில் இல்லை என்று ஆரம்பித்து, நிலைமையின் பின்னணியை விளக்கப் போனார். நாத்தனார் விசிலை ஒரு ஊது ஊதினாள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். காரத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நாத்தனார் தட்டைத் தள்ளிவைத்து, தோளை அமுக்கிவிட்டுக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டாள்:

"அந்தப் பக்கம் தொங்கற எடைன்னு அவர்கிட்ட சொன்னியே, மேல வரைக்கும் கேட்டுது. அது எவ்வளவு இருக்கும்?"

பதினோரு வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி நாத்தனார் கேட்ட முதல் கேள்வி. கிண்டல் ஒளிந்திருக்கிறதா என்று மெக்கானிக் ஒரு நிமிஷம் தேடிப் பார்த்தாள். காணவில்லை.

"கூண்டோட எடை, அதுக்கு மேல ஏறக்கூடிய ஆளுங்க எடையில பாதி. வேணும்னா மேல போய்க் காட்டறேன். ஆனா படி ஏறணும்."

"ஏறிட்டாப் போச்சு. எனக்கென்ன வயசா ஆயிடுச்சு?"

மெக்கானிக் டார்ச்சையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டாள். பாத்திரத்தைத் தேய்க்கச் சொல்லிக் கணவனிடமும், துடைத்து வைக்கச் சொல்லி பிரசிடெண்டிடமும் ஆளுக்கொரு துணியைக் கொடுத்தாள். மொட்டைமாடிப் படியில் இரண்டு பெண்களின் குரலும் ஏறிப் போயிற்று. நாத்தனார் ஏதோ கேட்டாள். மெக்கானிக் பதில் சொன்னாள். அப்புறம் இருவருமே வெடித்துச் சிரித்தார்கள்.

சமையலறையில் பிரசிடெண்ட் துணியும் கையுமாகத் தலையை நிமிர்த்தினார். "என்னைப் பத்திதான் சிரிக்கிறாங்களோ?"

"ஆமா சார்" என்றான் கணவன், காந்தலைச் சுரண்டிக்கொண்டே.