அவசரமில்லை என்று சொன்னவர்கள்

1

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பானையோடு வந்தது.

எதிர் வீட்டு நஸ்தரன் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபோது நான் ஒரு பானை ஆஷ் கொண்டுபோய்க் கொடுத்தேன். கீரையும் பருப்பும் சேவையும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுவது. இருபத்திரண்டு வருடமாக இஸ்ஃபஹானில் குடித்தனம் செய்தும் என் கைக்கு அது கொஞ்சம் சாம்பாராகத்தான் வருகிறது. சில வாரங்கள் கழித்து அவள் பானையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் பழக்கம் இங்கே கிடையாது. உள்ளே ஆப்ரிகாட் பழங்கள் இருந்தன. உட்கார்ந்து, இரண்டு டீ குடித்து, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"இதை நான் எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"என் உயிரே உங்களோடது. கதையெல்லாம் ஒரு பெரிய விஷயமா?"

இந்த ஊரில் இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. இது வாய் உபசாரம். ஒருவர் உபசாரத்துக்குக் கொடுப்பார், மற்றவர் உபசாரத்துக்கு மறுப்பார். மூன்று சுற்று போனபிறகுதான் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியும். ஆகவே மறுபடி கேட்டேன். மறுபடியும் உயிரைக் கொடுத்தாள். மூன்றாவது தடவைதான், "பேரை மாத்திடுங்க. அப்புறம் என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க" என்றாள். நிபந்தனை வந்துவிட்டால் சம்மதம் நிஜம்.

நஸ்தரன் ஒல்லியானவள்.

2

முதல் வரியாக எழுதியவை:

(அ) 'ஆபரேஷன் தியேட்டரின் வெள்ளை விளக்கில் நஸ்தரன் தன் வாழ்க்கையையே ஒருமுறை' — இங்கே நிறுத்தினேன். மயக்க மருந்து கொடுத்தால் யாரும் எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

(ஆ) 'கர்ப்பப்பையை எடுத்த இடத்தில் ஒரு வெறுமை' — இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"வெறுமையா? யாரு சொன்னா?"

"இல்ல, சும்மா ஒரு இதுக்கு..."

"மூணு வருஷம் ரத்தமாப் போச்சு. கார் சீட்டுல பிளாஸ்டிக் விரிச்சுட்டுத்தான் உக்காருவேன். கட்டி ஆரஞ்சுப்பழம் சைஸ்னு டாக்டர் சொன்னாங்க. எடுத்தாச்சு. நிம்மதியா இருக்கேன். வெறுமைய நீங்க வேணும்னா வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். வேறு கதைக்கு ஆகும்.

(இ) 'நஸ்தரன் கோல்கார், நாற்பத்தேழு வயது, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பேசும் தொலைபேசியை எடுப்பவள்.' இது சுமார்தான். ஆனால் உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அவள் வேலை பார்ப்பது லிஃப்ட் பராமரிக்கும் ஒரு தனியார் கம்பெனி.* நகரத்தில் எங்காவது லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்துவார், மணி இவள் மேஜையில் அடிக்கும். மோட்டார் சைக்கிளில் போகும் மெக்கானிக்குகள் ஐந்து பேர். யாரை முதலில் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது அவள். வெயில் காலத்தில் மின்வெட்டு. கரண்ட் போன கால் மணி நேரத்தில் பதினைந்து லிஃப்ட் நிற்கும். பதினைந்து லிஃப்ட், ஐந்து மோட்டார் சைக்கிள். கணக்கில் நான் சுமார்தான், இது எனக்கே உதைக்கிறது.

*பெயர் கேட்காதீர்கள். நான் கற்பனையில் கட்டிய கம்பெனி.

இந்த வேலையின் சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே லிஃப்டில் மாட்டிக்கொண்டவரும் உபசாரத்தை விடமாட்டார். "சிரமப்படாதீங்க." "வேலையெல்லாம் முடிச்சுட்டு மெதுவா வாங்க." "நான் நல்லாத்தான் இருக்கேன்." மூச்சு முட்டும்போதும் இதைத்தான் சொல்வார். அதற்காகவே நஸ்தரன் பதினொரு வருடத்துக்கு முன்பு பதிவேட்டில் இரண்டு பத்தி போட்டாள். முதல் பத்தியில் 'சொன்னது'. இரண்டாவதில் 'இருப்பது'. 'சொன்னது: அவசரமில்லை. இருப்பது: மூச்சு வாங்குகிறது, குழந்தை அழுகிறது, உடனே போ.' இரண்டாவது பத்தியைப் பார்த்துத்தான் வண்டி போகும். புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் கற்றுக்கொடுப்பது இந்த இரண்டாவது பத்தியைத்தான்.

4

டாக்டர் எட்டு வாரம் என்றார். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன், கனம் தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் உட்காரக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கவும் கூடாது. முப்பத்திரண்டாம் நாள் மேனேஜர் பெஹ்ரூசியான் போன் செய்தார். இங்கே பெண்களை மரியாதையாகக் 'கானும்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கானும், எப்படி இருக்கீங்க? நீங்க இல்லாம ஆபீஸுக்கு வெளிச்சமே இல்ல."

"உங்க நிழல்ல நல்லா இருக்கேன் ஐயா."

"முழுசா குணமாகற வரைக்கும் வராதீங்க. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்கறோம்."

இது முதல் சுற்று. அவள் மறுத்தாக வேண்டும்.

"அய்யோ, நான் இப்பவே நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல இல்ல, உடம்புதான் முக்கியம்."

இரண்டாவது சுற்று.

"வீட்ல சும்மா உக்கார எனக்கே வெக்கமா இருக்குங்க."

இப்போது மூன்றாவது சுற்று வர வேண்டும். 'சத்தியமா வராதீங்க' என்று அவர் சொல்ல வேண்டும், 'உங்க பேச்சுக்காக' என்று இவள் அடங்க வேண்டும். போனை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்ப சனிக்கிழமை பார்ப்போம்" என்றார் பெஹ்ரூசியான்.

அடுப்படியில் இருந்து கணவன் சியாமக் எட்டிப் பார்த்தான். "யாரு?"

"ஆபீஸ். சனிக்கிழமை வரேன்னு சொல்லிட்டேன்."

"வரச் சொன்னாரா?"

"வராதன்னு சொன்னாரு. ரெண்டு தடவை."

சியாமக் கரண்டியைக் கீழே வைத்தான். "எட்டு வாரம் நான் பாத்திரம் கழுவறதா இருந்தேன்" என்றான். அதில் அவனுக்கு வருத்தம்தான் இருந்தது என்று நஸ்தரன் சொல்கிறாள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்.

5

[இங்கே ஒரு சந்தேகம். இரண்டாவது வரைவில் பெஹ்ரூசியானைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். சிகரெட் கொடுத்தேன், ஒரு மோதிரமும் போட்டேன். கதை வேகமாகத்தான் ஓடியது. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லையாம். சனிக்கிழமை காலை நஸ்தரன் மேஜையில் கிளாடியோலஸ் கொத்தும் ஒரு டப்பா கஸ் மிட்டாயும் வைத்திருந்தார். அவளை எல்லாருக்கும் முன்னால் 'நம்ம சிங்கம்' என்றார். அப்புறம் இரண்டு ஷிஃப்டைச் சேர்த்துப் போட்டிருந்தார், அவள்தான் நன்றாக இருப்பதாகச் சொன்னாளே. மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். நல்லவரைத் திட்டுவது ரொம்பக் கஷ்டம்.]

6

சனி ஓடியது. ஞாயிறும் ஓடியது. பக்கத்து நாற்காலி மொழ்கான் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, நீங்க சும்மா உக்காருங்க, எல்லா போனையும் நான் எடுக்கறேன்."

"வேணாம்டி, நான் எடுக்கறேன்."

"சரி" என்று சொல்லி மொழ்கான் தன் போனுக்குத் திரும்பிவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது, அவள் முன்னால் போனில் நான்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வலி எப்படி இருந்தது என்று எழுத ஒரு உவமை தேடினேன், கிடைக்கவில்லை. வலித்தது. தையல் போட்ட இடம் இழுத்தது. மூத்திரம் வந்தால் அடக்க முடியவில்லை, ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்குமாம். ஹெட்போனைக் கழற்றி, நடையைக் கடந்து, போய் வர ஏழு நிமிடம். மின்வெட்டு நேரத்தில் ஏழு நிமிடம் என்பது ஆறு லிஃப்ட். அதனால் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். வேலைக்குத் திரும்பிவிட்டோம் என்ற பெருமையும் உள்ளுக்குள் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை, முப்பத்தாறாம் நாள், மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்ட் போனது. மேஜையில் போன் விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒன்பதாவது போனில் ஒரு கிழவர்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் மகளே. என் பேர் மெஹ்ர்பர்வர். நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல நிக்கறேன்."

"தனியா இருக்கீங்களா ஐயா?"

"தனியாத்தான். ஒண்ணும் அவசரமில்ல. பாவம், மத்தவங்களை முதல்ல பாருங்க."

சாதாரணமாக அவள் அடுத்த கேள்வி கேட்பாள். வயது என்ன, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, உட்கார இடம் இருக்கிறதா. கிழவர் ஒவ்வொன்றுக்கும் 'எல்லாம் உங்க புண்ணியத்துல' என்பார், அவள் குரலைக் கேட்டு இரண்டாவது பத்தியை நிரப்புவாள். அன்றைக்கு அவள் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் பத்தியில் 'அவசரமில்லை' என்று எழுதினாள். இரண்டாவது பத்தியில் 'மேற்படி' என்று எழுதினாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து ஓடினாள், ஓடக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

பதினொரு வருடத்தில் அந்தப் பத்தியில் அவள் 'மேற்படி' எழுதியது அதுவே முதல் தடவை.

மற்றவர்களை முதலில் பார்த்தார்கள். மெக்கானிக் காவூஸ் அங்கே போய்ச் சேர்ந்தபோது கிழவர் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தது. கிழவர் இருட்டில், தரையில், ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பேன்ட் நனைந்திருந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

"வெயில்ல உங்களை அலைய வெச்சுட்டேன்" என்றாராம் காவூஸிடம்.

காவூஸ் திரும்பி வந்து இதைச் சொன்னதும் நஸ்தரன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள். தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதாள். எங்கே அழுதாள், எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.

7

செவ்வாய் காலை அவள் மெஹ்ர்பர்வருக்குப் போன் செய்தாள்.

[இந்த உரையாடலை நான்கு தடவை எழுதினேன். நான்கிலும் அழகாக வந்தது, அதனால் நான்கையும் கிழித்தேன். அவள் சொன்னபடியே கீழே கொடுக்கிறேன்.]

"நேத்து உங்க போனை எடுத்தது நான்தான் ஐயா. மன்னிப்புக் கேக்கறேன்."

"அய்யோ மகளே, என்ன பெரிய வார்த்தை! ஒண்ணுமே இல்ல. காத்தாட உக்காந்திருந்தேன்."

"இல்ல ஐயா. எனக்குக் கர்ப்பப்பை எடுத்து இன்னிக்கு முப்பத்தேழாவது நாள். நேத்து எனக்கு அவசரமா பாத்ரூம் போக வேண்டியிருந்துச்சு. நீங்க அவசரமில்லன்னதை அப்படியே எழுதிட்டுப் போயிட்டேன். நீங்க சும்மா சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்."

முன்பின் தெரியாத கிழவரிடம் ஒரு பெண் கர்ப்பப்பை என்று சொல்லிவிட்டாள்.

"பயமா இருந்துச்சு" என்றார் மெஹ்ர்பர்வர். "செத்துருவேன்னு நெனச்சேன். உங்களைத் திட்டினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். உள்ள ஆள் இல்லாததால தாராளமாத் திட்டினேன்."

"திட்டணும்தான்."

"இன்னொண்ணு. நீங்க வேலைல இருக்கற நாள்ல இனிமே நான் படியிலதான் போவேன்."

"எனக்கும் அதுதான் நல்லதுன்னு தோணுது ஐயா."

"எட்டு வாரம்னு சொல்லுவாங்களே. என் சம்சாரத்துக்கும் எடுத்தாங்க. எட்டு வாரம் முடியலையே உங்களுக்கு?"

"யாரும் கேக்கல ஐயா" என்று சொல்ல வந்தவள், "நான் வாயத் தொறந்து கேக்கல" என்றாள்.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். கையில் மூன்று முடிவு வைத்திருந்தேன்.

ஒன்று: அவள் வேலையை விடுகிறாள். கதவைச் சாத்துகிறாள், கிளாடியோலஸ் சிதறுகிறது. வாசகர்களுக்குப் பிடிக்கும். அவளுக்கு அந்த வேலை பிடிக்கும், அதுதான் சிக்கல்.

இரண்டு: பெஹ்ரூசியான் கண்கலங்கி — வேண்டாம்.

மூன்று: கிழவர் புகார் எழுதுகிறார், அதனால் எல்லாருக்கும் — அவர் எழுதவில்லை. எழுதுங்கள் என்று நஸ்தரன் இரண்டு தடவை கேட்டும் எழுதவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அன்று பதினொரு மணிக்கு அவள் பெஹ்ரூசியானின் அறைக்குப் போனாள். அவர் முன்னால் அன்றைய மின்வெட்டு அட்டவணை விரிந்திருந்தது.

"வாங்க கானும், வாங்க! உக்காருங்க. முடியலைன்னா வீட்டுக்குப் போங்க, ஆபீஸே உங்களோடது."

முதல் சுற்று. 'அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்பது அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயும் திறந்துவிட்டது. நாற்பத்தேழு வருடப் பழக்கம்.

"முடியல" என்றாள். "வலிக்குது. நேத்து ஒரு மனுஷனை ரெண்டு மணி நேரம் இருட்டுல விட்டுட்டேன். எட்டு வாரம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு. பத்தொன்பது நாள் லீவு வேணும். அதுக்கப்புறம் என் நாற்காலி எனக்கு வேணும்."

பெஹ்ரூசியான் அட்டவணையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முதல் சுற்றிலேயே யாரும் இப்படி ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததில்லை. உபசாரத்தில் இதற்குப் பதில் வார்த்தை கிடையாது. வெளியே நாலு போன் அடித்துக்கொண்டிருக்கிறது. அட்டவணைப்படி இன்னும் இரண்டு மணி நேரத்தில் கரண்ட் போகும்.

அவர் என்ன சொன்னார் என்று நஸ்தரன் என்னிடம் சொன்னாள். நான் எழுதப் போவதில்லை. பெஹ்ரூசியானை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டேன். நீங்கள் உட்காருங்கள். இல்லை இல்லை, உபசாரத்துக்குச் சொல்லவில்லை, உட்காருங்கள். மேஜையில் அட்டவணை இருக்கிறது, அவள் இல்லாவிட்டால் பதினைந்து லிஃப்டுக்கும் மொழ்கான் ஒருத்திதான். பூவைப் பற்றியும் சிங்கத்தைப் பற்றியும் எதுவும் பேச வேண்டாம். அவள் கேட்டது பத்தொன்பது நாள். தரலாம், தர முடியாது, இரண்டில் ஒன்று.

அவள் இன்னும் உட்காரவில்லை. ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. சீக்கிரம் சொல்லுங்கள்.