மிஸ் சான் என்றே கூப்பிட்டார்கள்

பினாங்குக் கடற்கரைத் தெருவில் ஒரு கப்பல் கம்பெனியில் சான் பெக் நியோ என்ற சீனப் பெண் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது, அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திதான் பெண். ஜப்பான்காரன் சண்டை முடிந்து ஊர் மெல்லத் தலைதூக்கிக்கொண்டிருந்த காலம். ஆள் பஞ்சம் இல்லாவிட்டால் அவளைப் படியேற விட்டிருப்பார்களா என்பதே சந்தேகம். பெண்களுக்கென்று கழிப்பறைகூட அங்கே கிடையாது. அடுத்த கட்டடத்துக் கோப்பிக் கடைக்காரி மனசு வைத்துத் தன் பின்கட்டைத் திறந்துவிட்டாள்; அதனால்தான் அவளால் அங்கே நிலைக்க முடிந்தது.

குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி ரூட்டன்ஸ், வெள்ளைக்காரக் கலப்பில் வந்த யூரேஷியர். வாயைத் திறந்தால் முணுமுணுப்புத்தான். "நேத்து வரைக்கும் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு விசிறிக்கிட்டிருந்தோம். இனிமே அதுக்கும் வழியில்ல" என்று அவள் காதுபடவே சொன்னார். சரக்குப் பிரிவு மரிக்கான் இன்னும் ஒரு படி மேலே போவான். "மிஸ் சான், நீங்க தட்டுற சத்தத்துல கப்பல் பயந்து தானா கிளம்பிரும் போல."

அவள் குனிந்த தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருப்பாள். நாளாக ஆக, ரூட்டன்ஸ் தன் கடிதங்களை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை என்றாயிற்று. முணுமுணுப்பு மட்டும் குறையவில்லை.

கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் வேலை போய்விடும். பெக் நியோவுக்கு வேலையை விட மனமில்லை. சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். காலையில் தலைவாரி, கடல்காற்றில் நடந்து வந்து, தனக்கென்று இருக்கும் மேசையில் உட்காருவது அவளுக்குப் பிடித்திருந்தது. கட்டிக்கொள்ளப் போகிற எங் தியாம் படகுத்துறையில் டிக்கெட் பார்ப்பவன். "வேலைக்குப் போயிட்டு வா. உன்ன வீட்டுல வெச்சுப் பூட்டவா கட்டிக்கிறேன்?" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்தமில்லாமல் கல்யாணம் முடிந்தது. படம் எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தால், எதிரே மரிக்கான் சைக்கிளில் போகிறான். கல்யாண உடுப்பில் நின்றவளை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு மிதித்துப் போய்விட்டான்.

மறுநாள், வேலை போய்விட்டது என்றே நினைத்து அவள் ஆபீசுக்கு வந்தாள். மரிக்கான் அவள் மேசையில் ஓர் அல்வாப் பொட்டலத்தை வைத்தான். "எங்க பக்கம் விசேஷம்னா இனிப்புக் குடுப்போம். யாரு வீட்டு விசேஷம்னு மட்டும் கேக்காதீங்க, மிஸ் சான்."

கூடம் முழுக்க அல்வா போயிற்று. ரூட்டன்ஸ் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். யாரும் எதையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் எல்லோரும் அவளை மிஸ் சான் என்றே கூப்பிட்டார்கள். அதுவும் மேனேஜர் துரை காதில் விழும்படி கொஞ்சம் உரக்கவே.

ஒரு நாள் துரையே பெரிய கிராணியிடம் விசாரித்தார். "அந்தப் பொண்ணுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையலையா?"

"அவங்க வீட்டுல ரொம்பப் பாப்பாங்க, துரை" என்றார் ரூட்டன்ஸ், முகம் மாறாமல்.

வயிற்றில் பிள்ளை வந்தபின் இந்த நாடகம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தொளதொளப்பான கெபாயாச் சட்டை போட்டுச் சமாளித்துப் பார்த்தாள். முடியாது என்று தெரிந்ததும் ரூட்டன்ஸிடம் போய் நின்றாள். "நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன், மிஸ்டர் ரூட்டன்ஸ். என்னால உங்களுக்குப் பொல்லாப்பு வேணாம்."

"உக்காரும்மா. பாதில நிக்குது பாரு, அந்தக் கடிதத்த முடி" என்றார் அவர். சுவரில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு துரையின் அறைக்குப் போனார். மரிக்கான் எழுந்து பின்னால் போனான். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கூடமே எழுந்து போயிற்று. அவள் மட்டும் மிஷின்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அரைக்கதவு என்பதால் பேச்செல்லாம் கேட்டது.

"துரை, மிஸ் சானுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. மறைச்சது நாங்கதான்."

"சட்டம் தெரியுமில்ல, ரூட்டன்ஸ்?"

"தெரியும். எனக்கும் கல்யாணம் ஆயிருக்கு. இதோ நிக்கிறவங்க முக்காவாசிப் பேருக்கு ஆயிருக்கு. கல்யாணம் ஆன கை வேலைக்கு ஆகாதுன்னா நாங்களும் போறோம். நான் கோட்டு மாட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

துரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

"துறைமுகத்துல சரக்கு ஏத்தக் கப்பல் காத்துக்கிட்டு நிக்குது."

"அதனாலதான் துரை இன்னைக்கு வந்தோம்."

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. நிரந்தர வேலை போய், மாதாமாதம் நீட்டிக்கும் தற்காலிக வேலையானது. பிரசவ லீவுக்குச் சம்பளம் இல்லை. ஆனாலும் அவள் நாற்காலி அவளுக்கென்று காத்திருந்தது. பெண் குழந்தை பிறந்து அவள் திரும்பி வரும்வரை, அவள் வேலையை ஆண்கள் ஆளுக்குக் கொஞ்சமாக ஒற்றை விரலால் தட்டி ஒப்பேற்றியிருந்தார்கள்.

வந்த அன்று ரூட்டன்ஸுக்கு நன்றி சொல்லப் போனாள். பாதியிலேயே கைக்குட்டையைத் தேடினாள்.

"அழுது வெக்காதம்மா, காகிதம் நனைஞ்சிரும். நாங்க அடிச்சு வெச்சதப் போய்ப் பாரு. அழுகை தானா நின்னுரும்."

பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சட்டம் போகப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் கூடத்தில் இன்னும் சில பெண்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பெக் நியோவின் தற்காலிக வருஷங்களைக் கம்பெனி பென்ஷனில் சேர்க்கவில்லை. மகள் அதைச் சொல்லிப் பொருமும்போதெல்லாம் அவள், "நீ கிளம்பு முதல்ல" என்பாள். கிறிஸ்துமஸ் என்றால் ரூட்டன்ஸ் வீடு, நோன்புப் பெருநாள் என்றால் மரிக்கான் வீடு. அன்னாசிப் பலகாரத்தைத் தன் கையாலேயே சுட்டு, டப்பா நிறைய எடுத்துக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.