விளையாட்டு பீரியடும் பாட்டு மாஸ்டரும்

வாலிபாலுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த விளையாட்டு டீச்சர், பக்கத்து அறையில் பாட்டு தொடங்கியதும் பம்ப்பின் கைப்பிடியை மேலே இழுத்த வாக்கிலேயே நிறுத்திவிட்டாள். கீழே அழுத்தினால் அந்தப் பம்ப் கிழட்டு நாய் இருமுவதைப்போல ஒரு சத்தம் போடும். விளையாட்டுச் சாமான் அறைக்கும் பாட்டு வகுப்புக்கும் நடுவே இருந்தது ஒட்டுப்பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் இருப்பவர் கைக்குட்டையைத் தேட வேண்டும்.

பாட்டு மாஸ்டரின் கீபோர்டில் ஒரு கட்டை செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வாசித்துக்கொண்டே வருவார். அந்தக் கட்டையின் முறை வந்ததும் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் தன் வாயால் பாடி நிரப்பிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி விரல்களிடம் போய்விடுவார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். டீச்சருக்குத்தான் பழகவேயில்லை. பாட்டு எந்த இடத்துக்கு வரும்போது அந்தக் குரல் எட்டிப்பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். அது வந்துபோன பிறகுதான் பம்ப்பை அழுத்துவாள். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி இப்படிப் பலகைக்குக் காது கொடுத்து நிற்கிறாளே என்று யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு வரும்போதெல்லாம், ஏற்கெனவே கல்லாகிவிட்ட பந்துக்கு இன்னும் நாலு அழுத்து கொடுப்பாள்.

அவள் அக்கா வீட்டு மாடியறையில் இருந்தாள். கல்யாணப் பேச்செல்லாம் ஒரு காலத்தில் நடந்து ஓய்ந்திருந்தது. மாஸ்டர் மனைவியை இழந்தவர். ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். இடைவேளையில் இரண்டு பேரும் தாழ்வாரத்தில் டீக்கோப்பையோடு நின்று வானத்தைப் பார்ப்பார்கள். மழை வந்தால் அவளுக்கு மைதானம் போச்சு, அவர் அறையில் கூரை ஒழுகும். மேகத்தைப் பற்றி அவர்கள் பேசிய அளவுக்கு வானிலை அலுவலகத்தில்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். வேறு எதையும் பேசியதில்லை.

மேல் வகுப்புகளில் அப்போது விளையாட்டு ஒரு விருப்பப் பாடம். பாட்டு, ஓவியம், கம்ப்யூட்டர், விளையாட்டு, இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டை எடுத்தவர்கள் ஏற்கெனவே கால் தரையில் பாவாத பிள்ளைகள். அந்த பீரியடையும் கணக்கு வாத்தியார் 'ஒரே ஒரு நாள்' என்று வாங்கிக்கொண்டு போவார். அந்த ஒரு நாளுக்கு முடிவே கிடையாது.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில், பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதை டீச்சர் பார்த்தாள். பாட்டு வகுப்பில் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்கும் குரல் அவளுடையதுதான். புத்தகப் பையை மார்போடு கட்டிக்கொண்டு, முழங்கைகளை விலாவில் ஒட்டவைத்துக்கொண்டு, ஏதோ குறுகலான சந்துக்குள் ஓடுபவள்போல நாலு எட்டு வைத்தாள். அப்புறம் நின்றுவிட்டாள். பஸ் போய்விட்டது. டீச்சர் அவள் பக்கத்தில் போய் ஏன் நின்றாய் என்று கேட்டாள்.

"எனக்கு ஓட வராது டீச்சர். பெரியவளானதுக்கப்புறம் ஓடினதே இல்ல."

வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. செருப்பு என்ன அளவு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் டீச்சரை அரித்தது. மறு வாரமே தலைமையாசிரியையிடம் போய், விளையாட்டை எல்லாருக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் ஆசிரியர் கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அட்டவணையில் ஒன்று உள்ளே வந்தால் வேறொன்று வெளியே போயாக வேண்டும். அது டீச்சருக்குத் தெரியாததல்ல. எது போகும் என்று யோசிப்பதைத்தான் அவள் கூட்டம் வரைக்கும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

கூட்டத்தில் கணக்கு வாத்தியார், பிடிக்காத பிள்ளையை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய் என்ன பிரயோசனம், விருப்பப்பட்டவர்கள் விளையாடட்டுமே என்றார். டீச்சர் எழுந்து நின்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"விருப்பம்னு விட்டா ஓடத் தெரிஞ்சவங்கதான் சார் வருவாங்க. ஓட விடாம வச்சிருக்கற புள்ளைக்கு விருப்பம் எங்கேருந்து வரும்?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதத்திலிருந்து மேல் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் விளையாட்டு கட்டாயம் என்று முடிவாயிற்று. கம்ப்யூட்டரில் யாரும் கைவைக்கப் போவதில்லை. ஓவியம் கற்பிப்பவர் அறிவியலும் எடுப்பதால் அவருக்கு ஆபத்தில்லை. பாட்டு மாஸ்டர் பகுதி நேரம். பீரியட் இருந்தால்தான் அவருக்கு வேலை. போனது பாட்டு பீரியட்தான்.

கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் அவரைப் பிடித்தாள். அவரே ஆரம்பித்தார். அவள் சொன்னது நியாயம்தான், தன் மகளும் ஓடாமலே வளர்ந்தவள்தான் என்றார்.

"நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே மாஸ்டர். பாட்டும் வேணும்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் வந்தேன்." கொஞ்சம் சிரித்தார். "நீங்க எழுந்து நின்னு பேசறதப் பாத்துட்டே இருந்துட்டேன் டீச்சர். என் முறை போயிருச்சு."

அவர் கிளம்பிய நாளில் அவள் மைதானத்தில் இருந்தாள். கீபோர்டு அவருடைய சொந்தம். அதைத் துணியுறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, மைதானத்து ஓரமாக நடந்து வந்தார். பந்து குறுக்கே உருண்டபோது அது போகட்டும் என்று நின்றார். பிறகு அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவள் வாயில் விசில் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஏதாவது சொல்வதற்குள் பிள்ளைகள் இரண்டு பேர் மோதி விழுந்தார்கள். தூக்கிவிட்டு நிமிர்ந்தபோது வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸைத் தவறவிட்ட அந்தப் பெண் ஓடக் கற்றுக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக முழங்கைகள் விலாவை விட்டுப் பிரிந்தன. ஒரு காலை, முழு மைதானத்தையும் நிற்காமல் சுற்றி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதுபோலச் சிரித்தாள். இதற்காகத்தானே சண்டை போட்டோம் என்று டீச்சர் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மூச்சு அடங்கியதும் அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர்," என்றாள். "பாட்டும் இருந்திருக்கலாம்."

டீச்சர் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

சாமான் அறையில் இப்போது பம்ப்பை இடையில் நிறுத்த வேண்டிய அவசியமில்லை. பந்துகளெல்லாம் சீக்கிரமே தயாராகிவிட்டன. காலியான பாட்டு அறைக்கு டீச்சர் எந்தச் சாமானையும் மாற்றவில்லை. அங்கே பெஞ்சுகளைப் போட்டுவைக்கலாமா என்று தலைமையாசிரியை கேட்டபோது, கூரை ஒழுகும் என்று சொல்லித் தட்டிக்கழித்தாள். இடைவேளையில் தாழ்வாரத்தில் நிற்பதும் குறைந்துபோனது. மேகம் வந்தால் வரட்டும் என்று இருந்தது. மாஸ்டர் நகரத்தின் மறுகோடியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாக ஓவிய ஆசிரியர் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

பள்ளிகளுக்கிடையிலான வாலிபால் ஆட்டங்களில் யாரோடு யார் என்று சீட்டுக் குலுக்கி எடுத்தபோது மாஸ்டர் இருக்கும் பள்ளிக்கூடத்தின் பெயர் வந்தது. ஆட்டத்தன்று காலை, டீச்சர் இஸ்திரி போட்ட சட்டையை மறுபடி இஸ்திரி போடுவதைப் பார்த்துவிட்டு அக்கா, "மேட்ச் உனக்கா, புள்ளைங்களுக்கா?" என்று கேட்டாள். டீச்சர் சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

அங்கே மைதானம் என்பது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிடந்த மண்தரை. அதன் மத்தியில், கழுத்தில் விசிலோடு, தலையில் ஒரு தொப்பியோடு பாட்டு மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார், பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டார். சின்ன இடம், பாட்டு வேலை கேட்டால் விளையாட்டையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார். விசிலைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கு ஒரே ஒரு ஸ்வரம்தான் தெரியுது டீச்சர். அதுவும் சேரல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்றும் தோன்றியது. பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டும் என்று அடுக்கிவைத்திருந்ததெல்லாம் கலைந்துவிட்டது. அந்தப் பெண் ஓடுகிறாள் என்பதைச் சொன்னாள். அவர் கண்கள் மலர்ந்தன. பாடுகிறாளா என்று அவர் கேட்கவில்லை.

"அந்த ரூம் காலியாத்தான் இருக்கு மாஸ்டர்," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "பெஞ்சு போடக் கேட்டாங்க. நான் விடல."

இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கைகளை உதறிக்கொண்டு காத்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் வலை, துணி காயப்போட்ட கொடிபோலத் தொய்ந்து தொங்கியது.

"இத எப்படி இழுத்துக் கட்டறதுன்னு காலைலேருந்து பாக்கறேன்," என்றார். "எனக்கு வரல."

"ஓராள் கட்ட முடியாது மாஸ்டர். நீங்க அந்தக் கம்பத்துக்குப் போங்க."

அவர் போனார். அவள் இந்தப் பக்கத்துக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலைக் கம்பத்தில் ஊன்றி இழுத்தாள். அவரும் இழுத்தார். வலை நடுவயிற்றிலிருந்து மெல்ல மெல்ல எழுந்தது. அதன் கண்ணிகளுக்கு அப்பால் அவர் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது. கயிறு வழியாக அவருடைய இழுப்பு அவள் உள்ளங்கைக்கு வந்துசேர்ந்தது.

"போதுமா?" என்று அங்கிருந்து கேட்டார்.

போதும்தான். வலை நேராகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் டீச்சர், கயிற்றை விடாமல்.