நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுத வேண்டியது ஒரே ஒரு வரிதான். அதை எழுத வரவில்லை, அதனால் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பண்பாட்டு மையத்திலிருந்து கடிதம் வந்தது. ‘ஜெர்மன் பெண்கள் திரை’ வாரம் இந்த வருடம் அலெக்சாந்திரியா முடிந்து மன்ஸூராவுக்கும் போகிறதாம். போன வருடம் பெரிதாகப் பேசப்பட்ட படத்தை அங்கேயும் காட்டப் போகிறார்களாம். சப்டைட்டில் கோப்பை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், ஒருமுறை சரிபார்த்து.

கோப்பில் ஆயிரத்து நூற்று ஆறு வரிகள் இருக்கின்றன. ஆயிரத்து நூற்று ஐந்தைச் சரிபார்த்துவிட்டேன்.

2

எப்படி ஆரம்பிப்பது?

அலெக்சாந்திரியாவில் அன்று பிற்பகல் கடல் சாலைமேல் ஏறி வந்து—

(வேண்டாம். புயலில் ஆரம்பித்தால் பழியைப் புயல்மேல் போடுகிறேன் என்று தெரிந்துவிடும்.)

ஷௌகி ஒரு நல்ல அண்டைவீட்டுக்காரன். டிராமில் டிக்கெட் பரிசோதிப்பவன். யார் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாலும் கைகொடுப்பான்—

(உண்மைதான். எனக்கே கேஸ் சிலிண்டர் தூக்கி வந்து கொடுத்திருக்கிறான். ஆனால் அவனிலிருந்து ஆரம்பிக்க எனக்கு மனசில்லை.)

சரி, வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊர்த் திரைப்பட வாரங்களில் சப்டைட்டில் படத்தோடு ஒட்டி வராது. பெரிய திரைக்குக் கீழே ரிப்பன்போல ஒரு சின்னத் திரை இருக்கும். கடைசி வரிசையில் மடிக்கணினியோடு ஒருத்தி உட்கார்ந்து, திரையில் ஒருவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்துவாள். அந்த ஒருத்தி நான். ஒரு சமயத்தில் இரண்டு வரி, வரிக்கு முப்பத்தைந்து எழுத்து, நான்கு நொடி. அதற்குள் அடங்காததை வெட்ட வேண்டும். பதினாறு வருடமாக வெட்டுகிறேன். வெட்டியதை யாரும் கவனிக்காதவரைக்கும்தான் இந்தத் தொழிலில் நல்ல பெயர்.

3

சப்ரீன் அக்கா மூன்றாம் மாடி, ஷௌகியின் மனைவி. நான் இரண்டாம் மாடி. அவர் மருந்துக்கடையில் வேலை பார்த்தார்.*

* பெயரை மாற்றியிருக்கிறேன். ஷௌகியின் பெயரை மாற்றவில்லை. மாற்றச் சொல்லி அவனே வந்து கேட்கட்டும்.

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. எழுத எழுதப் பாவப்பட்டவராக ஆகிக்கொண்டே போகிறார். அவர் அப்படி இல்லை. முழங்கையில் பச்சைக் கன்றலோடு என் சமையலறையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, “கடையிலயே ஊழியர் தள்ளுபடியில களிம்பு வாங்குற ஒரே ஆளு நான்தான்டி,” என்று சிரிப்பவர். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன வருடத் திரைப்பட வாரத்துக்கு அவரை நான்தான் கூப்பிட்டேன்.

“டிக்கெட் சும்மாதானே? அப்புறம் வராம இருப்பேனா?”

“அவர்கிட்ட என்னக்கா சொல்லுவீங்க?”

“பொம்பளைங்க படம்னு சொன்னேன். சமையல் படம்னு நெனச்சுக்கிட்டாரு. அது கெடக்கட்டும், உன் எழுத்து பஸ்ஸு மாதிரி ஓடுதுடி. போன தடவ வந்தப்போ நான் ஏறுறதுக்குள்ள ஒவ்வொண்ணும் போயிடுச்சு. ஏழாங்கிளாஸோட நின்னவளுக்கும் ஒரு நிறுத்தம் போடேன்.”

போட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் கோப்பை அவருக்காக இளைக்கவைத்தேன். நாலு வார்த்தை போதுமென்றால் எட்டை நாலாக்கினேன். இதை எழுதும்போதுகூட அந்த இரண்டு நாளும் சந்தோஷமாக இருந்தேன் என்பது ஞாபகம் வருகிறது. ஒருத்திக்காக வேலை செய்வது என் தொழிலில் அபூர்வம்.

4

படத்தில் ஒரு சிறு நகரம். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒருத்தி. வீட்டில் அடி. ஒருநாள் உடன் வேலை செய்பவள், பேருந்துகள் கழுவும் இடத்தில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, அவள் காதருகே சொல்கிறாள்:

“சண்டை நடக்கும்போது கிளம்பாதே. அப்போதுதான் கொல்வார்கள். அவன் வெளியே போயிருக்கும்போது, சாந்தமான ஒரு நாளில், பையை எடுத்துக்கொண்டு கிளம்பு. திரும்பிப் பார்க்காதே.”

வேகமாகச் சொல்கிறாள். நான்கு நொடி.

என் நானூற்றுப் பன்னிரண்டாவது வரி:

பையை எடு. கிளம்பு.
திரும்பிப் பார்க்காதே.

அழகாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அரங்கில் சப்ரீன் அக்கா மூன்றாம் வரிசை ஓரத்தில் இருந்தார். உதடு அசைய, எழுத்துக் கூட்டி, முணுமுணுப்பாகப் படித்தார். முன்னாலிருந்தவர் இரண்டு முறை “உஷ்” என்றார். நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. அவர் குரல் எனக்கே கேட்டது. முழு வரியையும், அது மறைவதற்கு முன், முதல்முறையாகப் படித்து முடித்தார். முடித்ததும் திரும்பி, இருட்டில் என்னைத் தேடி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன்.

படம் முடிந்து கேள்வி நேரம். இயக்குநர் கெசீனே அம்மையார் பெர்லினிலிருந்து வந்திருந்தார். மொழிபெயர்ப்புக்கு மேடையில் நான். ஒலிவாங்கி பேராசிரியர்கள் கையில் சுற்றிவிட்டுக் கடைசியில் சப்ரீன் அக்காவிடம் போனது.

“மேடம், நான் படிச்சவ இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடைசியில அந்தப் பொண்ணு உயிரோட தப்பிச்சாளே, அது எதனால?”

சிலர் சிரித்தார்கள். கெசீனே சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொன்னார். அதை நான் அரபியில் அப்படியே சொன்னேன்: “தோழி சொன்னதை அவள் ஒரு சொல் விடாமல் செய்தாள். அதனால்.”

அன்று முழுவதும் ஒரு சொல்கூட வெட்டாமல் நான் மொழிபெயர்த்த ஒரே வாக்கியம் அதுதான்.

“அது சரி,” என்று தலையாட்டிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

5

பதினோரு நாள் கழித்து அந்தப் புயல். வெள்ளிக்கிழமை பிற்பகல். நான் வீட்டில் இருந்தேன். மேலே சத்தம் ஆரம்பித்தது. எங்கள் கட்டடத்துக்கு அது பழகிய சத்தம். வழக்கம்போல நாலாம் மாடியில் தொலைக்காட்சியைக் கூட்டி வைத்தார்கள். நான் ஜன்னலை இறுக்கினேன், காற்றுக்காக என்று சொல்லிக்கொண்டு.

பிறகு மேலே கதவு திறந்தது. அவர் குரல், உரக்க, நடுங்காமல்: “போறேன். இனிமே திரும்பிப் பாக்க மாட்டேன்.”

அப்புறம் படிகளில்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. ஆறு முறை முடித்துப் பார்த்தேன். ஆறும் நன்றாக எழுதப்பட்டிருந்தன. கிழித்துப் போட்டேன்.)

நான் கதவைத் திறந்தபோது என் வாசலுக்கு நாலு படி மேலே கிடந்தார். ஒரு நீலப் பையின் கைப்பிடி அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கண் திறக்காமலே போய்விட்டார்.

“படி ஈரம் பாஷா,” என்று ஷௌகி போலீஸ் அதிகாரியிடம் சொன்னான். நிஜமாகவே அழுதான். “தையக்காரிகிட்ட துணி குடுக்கப் போனா. நான்தான் சொன்னேன், மழையில போகாதன்னு. கேட்டாளா?”

அதிகாரி இளைஞர். என் பக்கம் திரும்பினார். “நீங்க கீழ் வீடா? பையத் தூக்கிக்கிட்டு இந்த மழையில எங்க கெளம்புனாங்க? ஏதாவது தெரியுமா?”

ஷௌகி என்னைப் பார்த்தான். நான் பயந்தது அவனுக்கு என்று எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். அவனுக்கு அல்ல. ‘அவனை விட்டுப் போகக் கிளம்பினார், என் காதாலேயே கேட்டேன்’ என்று சொன்னால் அடுத்த கேள்வி, ‘சண்டைக்கு நடுவிலா? அப்படிப் போக யார் சொன்னது?’ அதற்குப் பதில் என் வரி.

“தெரியாது பாஷா,” என்றேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காகிதத்தில் தன் எண்ணை எழுதிக் கொடுத்துப் போனார். வழுக்கி விழுந்ததாகக் கோப்பு மூடப்பட்டது. ஷௌகி இப்போதும் படியில் பார்த்தால் என் பையை வாங்கத் தானாகவே கை நீட்டுகிறான்.

6

வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: நான் வெட்டவில்லை. சப்ரீன் அக்கா பாதி வரிதான் படிக்கிறார், ஆனால் முதல் பாதியை. காத்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை ஃபூல் என்கிற மொச்சை மசியல், ரொட்டி, வெங்காயம் என்று சாப்பிட்டுவிட்டு ஷௌகி தொழுகைக்குப் போகிறான். அவர் நீலப் பையோடு இறங்குகிறார். என் கதவைத் தட்டக்கூட இல்லை. ஒரு மாதம் கழித்துத் தமன்ஹூரிலிருந்து போன்: “என்னடி, எழுத்து இப்பவாவது மெதுவாப் போகுதா?”

இந்த முடிவை எழுதிவிட்டு நான் நன்றாகத் தூங்கினேன். அதனாலேயே அடித்துவிட்டேன்.

இரண்டாவது, உஸ்தாத் ஃபிக்ரி தந்தது. அரங்க மேலாளர். அவரிடம் மட்டும் வரியைப் பற்றிச் சொன்னேன். பையைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை.

“பைத்தியமா உனக்கு? சினிமா பாத்துட்டு யாராவது செத்துப் போவாங்களா நக்லா? அவன் என்னைக்கா இருந்தாலும் செஞ்சிருப்பான். நீ என்ன, ஒரு வரி வெட்டுன. தொழில்னா வெட்டத்தான் வேணும்.”

“அந்த ஒரு வரிதான் உஸ்தாத் அவங்க முழுசாப் படிச்சது.”

அவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் என்னை விடுதலை செய்கிற எந்த முடிவையும் நான் நம்பத் தயாராக இல்லை.

7

இன்று சனிக்கிழமை. கோப்பு திறந்திருக்கிறது.

முழு அறிவுரையும் நான்கு நொடியில் அடங்காது. அளந்து பார்த்தேன். அப்படியே போட்டால் மன்ஸூராவில் மூன்றாம் வரிசை ஓரத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருத்திக்கு, பாதியிலேயே மறைந்துவிடும். வெட்டினால் எதை வெட்டுவது? ‘சண்டையில் கிளம்பாதே’ என்பதை மட்டும் வைத்தால் அது ‘கிளம்பாதே’ என்று அவள் மனசில் தங்கிவிடுமோ? எப்படி எழுதினாலும் ஒரு பெண் அதை நம்பப்போகிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. வரியை மாற்றினால் ஏன் மாற்றினேன் என்று மையத்தில் கேட்பார்கள். போன வருடம் இங்கே வேறு மாதிரி இருந்ததே என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீலப் பையில்தான் போய் நிற்கும். அதிகாரியின் காகிதம் இந்த மடிக்கணினிக்கு அடியிலேயே இருக்கிறது. தெரியாது என்று இரண்டாவது முறை சொல்ல முடியாது.

மேலே ஷௌகி நடக்கிற சத்தம் கேட்கிறது. செருப்பைத் தேய்த்து நடப்பான்.

நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். முழு வசனமும் உங்களுக்குத் தெரியும், நேரமும் தெரியும். இரண்டு வரி, வரிக்கு முப்பத்தைந்து எழுத்து. எழுதிவிட்டு ஒருமுறை உதடு அசைய, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்துப் பாருங்கள். நான்கு நொடிக்குள் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்ததும் அவள் திரும்பி இருட்டில் உங்களைத் தேடுவாள்.

412

[                                                                      ]
[                                                                      ]