நாளைக்குப் போகிற கார்

மெக்கானிக் கழற்றிய டைமிங் பெல்ட்டை வெளிச்சத்தில் மடக்கிப் பார்த்தார். பற்களின் அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.

"நல்ல நேரத்துல கொண்டு வந்தே மாப்ள. ஓடும்போது அறுந்திருந்தா இன்ஜினே போயிருக்கும்."

மனைவியின் தம்பி பழைய டயர் மேல் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "அதான் மாமா. அவ்ளோ தூரம் போகணும். நடுவழியில நின்னுட்டா அக்காவும் பாப்பாவும்..." என்றவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"எங்க போறாங்க?"

"அக்கா உங்ககிட்ட சொல்லலையா?"

அவர் பெல்ட்டைக் கீழே வைத்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. பாப்பாவுக்கும் அங்கேயே ஸ்கூல் பார்த்தாச்சு. நாளைக்குக் காலையில கிளம்புறோம்."

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் தம்பி வீட்டுக்குப் போனவள் மனைவி. கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள் என்று நம்பிக் கொடியில் கிடந்த அவள் புடவைகளை மடித்து வைத்திருந்தார். அவர் குடிப்பவரில்லை, கை நீட்டியவருமில்லை. வருத்தம் வந்தால் வாயை மூடிக்கொள்வார். நாள் கணக்கில் திறக்க மாட்டார். "சுவத்தோட குடும்பம் நடத்த என்னால முடியாது" என்றுதான் போகும்போது சொன்னாள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரை விரலால் சுற்றிப் பார்த்தார். உள்ளே லேசாகக் கரகரத்தது. இதையே திரும்ப மாட்டினாலும் யாருக்கும் தெரியாது. பாதி தூரம் போவதற்குள் வண்டி நின்றாலும் நின்றுவிடும். போன் அவருக்குத்தான் வரும். அவரே போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வரலாம். அந்த யோசனையோடு அதைக் கையில் வைத்தபடி வெகுநேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் பின்சீட் ஜன்னலில் முகத்தை ஒட்டித் தூங்கிப்போகும் மகள் நினைவுக்கு வந்தாள். பின்னால் வரும் லாரிகளும்.

டென்ஷனரைக் குப்பை டின்னில் எறிந்தார். புது டென்ஷனர், புது ரோலர், புது வாட்டர் பம்ப், புது பெல்ட். பற்சக்கரங்களின் குறிகளை நேர்ப்படுத்தி, இன்ஜினைக் கையாலேயே சுற்றி, மறுபடியும் குறி பார்த்தார். இவ்வளவு பொறுமையாக அவர் எந்த வண்டிக்கும் வேலை பார்த்ததில்லை.

சாவி திருப்பியதும் இன்ஜின் சத்தமே இல்லாமல் பிடித்துக்கொண்டது. அப்போது தம்பியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் மகள்.

"மாமா, கார் ரெடியா? அப்பா பக்கத்துல இருக்காரா? அப்பா, நாளைக்கு நீ முன்னாடி உக்காந்துக்கோ. நானும் அம்மாவும் பின்னாடி. சரியா?"

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எத்தனையோ கேட்க வேண்டியிருந்தது. அம்மாகிட்ட போனைக் குடு என்று சொன்னால் போதும்.

"சரிம்மா" என்றார்.

தம்பி ஓட்டிப் போன கார் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். அது நின்ற இடத்தில், வாட்டர் பம்ப் மாற்றும்போது கொட்டியிருந்த கூலண்ட், பச்சையாக மெல்லப் பரவி அவர் செருப்பைத் தொட்டது. கையில் துடைப்பம் இருந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.